தென்னிலங்கை றொக்

முதலில் அந்த நோட்டீஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது.

"இலந்தைப்புலம் மக்கள் ஒன்றியம், ஜேர்மனி. கொலோன் நகரில் கோடைகால ஒன்றுகூடல். சிறப்பு நிகழ்ச்சியாக, எமது மண்ணின் மைந்தன், யோசப் அவர்களின் புதல்வன், பிரபல கிற்றார் கலைஞர் அனுஜன் வழங்கும் தென்னிலங்கை றொக் இசை. அனைவரும் வருக."

அந்த மண்ணின் மைந்தன் நான்தான். அந்த மண்ணை, அப்பா பிறந்த யாழ்ப்பாணத்துக் கிராமத்தை, நான் கண்ணால் கண்டதில்லை. பிறந்தது, வளர்ந்தது, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியது, முதல் கிற்றார் வாங்கியது எல்லாம் ஹாகனில். கொலோனிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்த கார்ப் பயணம். ஆனாலும் மைந்தன் என்று போட்டதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தத் தென்னிலங்கையைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான் வாசிப்பது சதர்ன் றொக். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பிறந்த இசை. ஜோர்ஜியா, அலபாமா, அந்தப் பக்கம். இரண்டு மூன்று கிற்றார்கள் ஒன்றோடொன்று வாய்ச்சண்டை பிடிக்கும், நடுவில் ப்ளூஸ் வரும், ஒவ்வொரு பாட்டிலும் யாரோ ஒருவன் தன் ஊரை நினைத்து உருகுவான். ஜேர்மன்காரர் இதைத் தெற்கு மாநில றொக் என்பார்கள். ஒன்றியத்தின் செயலாளர், ஹாகன் பத்திரிகை ஒன்றில் என்னைப் பற்றி வந்த கட்டுரையை எடுத்துத் தமிழாக்கியிருக்கிறார். தெற்கு என்று கண்டதும் மனுசனுக்கு வேறு தெற்கு ஞாபகம் வரவில்லை. யாழ்ப்பாணத்தானுக்கு உலகத்தில் ஒரே ஒரு தெற்குத்தான். அது காலி, மாத்தறை, சிங்களவரின் பைலாப் பாட்டு, அரசாங்கம், ஆமி. இதையே ஒரு மதுரைக்காரர் எழுதியிருந்தால் தென்னிந்திய றொக் என்று போட்டிருப்பார், பிழை பிழையாகவே சத்தமில்லாமல் போயிருக்கும்.

நோட்டீஸ் வந்த அன்று பின்னேரமே ஒன்றியத்தின் வட்ஸ்அப் குழு பற்றி எரிந்தது. யோசப்பின் பெடியன் பைலா அடிக்கிறானாம் என்றார் ஒருவர். இதற்காகவா நாங்கள் நாட்டைவிட்டு வந்தோம் என்று இன்னொருவர் ஒரு பக்கத்துக்கு எழுதினார். நோர்வேயில் இருக்கும் ஒருவர், எப்படியும் கொலோனுக்கு வரப்போகாதவர், தான் வரப்போவதில்லை என்று அறிவித்தார். என் தங்கை சிவப்பிரியா எல்லாவற்றையும் எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றுக்கும் கீழே சிரிப்பு முகம் வேறு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருபது வருடத்துக்கு மேலாக நான் இந்தத் தொழிலில் கிடந்து சாகிறேன். தொழில் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். கிழமையில் மூன்று நாள் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறேன், மிச்ச நாளில் கிற்றார். லொறிச் சாரதிகளின் விழா, மோட்டார் சைக்கிள் கழகங்களின் கோடைக் கூட்டம், கௌபோய்த் தொப்பி போட்ட பல் வைத்தியர்கள் வார இறுதியில் கூடும் வெஸ்டர்ன் கிளப், இவைதான் என் மேடைகள். இரண்டு இசைத்தட்டு வந்தது. இரண்டும் என் கட்டிலுக்குக் கீழே பெட்டி பெட்டியாக இருக்கின்றன.

இடது கைச் சின்னி விரலில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டிக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பதுதான் என் கைவேலை. ஸ்லைட் என்பார்கள். அதை அமெரிக்கர்களின் பழைய இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, விரல் தோல் உரிய உரியப் படித்தேன். விமர்சகர்கள் அதில் கங்கைநதி கேட்கிறது என்று எழுதுகிறார்கள். கங்கைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நான் குளித்து வளர்ந்தது நகரசபை நீச்சல் தடாகத்தில்.

அதைவிடக் கொடுமை, அந்தக் கொடி. சிவப்புத் துணியில் நீலச் சிலுவை, அதில் வெள்ளை நட்சத்திரம். மனிதர்களை அடிமையாக வைத்திருக்கும் உரிமைக்காகச் சண்டை பிடித்த பழைய தெற்கின் கொடி. வெஸ்டர்ன் கிளப்காரர்கள் அதை மேடைக்குப் பின்னால் தொங்கவிடுவார்கள். சும்மா அலங்காரம்தானே, இசையோடு சேர்ந்ததுதானே என்பார்கள். கொடியை இறக்குங்கள், இல்லாவிட்டால் நான் இறங்குகிறேன் என்று சொல்லிவிடுவேன். பாதி இடங்களில் நான்தான் இறங்கினேன். எங்கள் குழுவில் பேஸ் கிற்றார் வாசிக்கும் வெரோனிக்கா, பக்கத்து ஊர் இசர்லோனில் முடி வெட்டும் கடை வைத்திருப்பவள், ஒரு சொல்லும் சொல்லாமல் வயர்களைச் சுருட்டிக் காரில் ஏற்றுவாள். அப்படியே சந்தர்ப்பங்களும் சுருண்டு போயின.

எனக்கென்று ஓடிய பாட்டு ஒன்றே ஒன்று. அதன் பெயர் ஹாகன். ஆங்கிலத்தில் எழுதினேன். நாலு ஆறு ஓடியும் ஒன்றிலும் இறங்கி நிற்கத் தோன்றாத ஊர், வெயிலை வாரப்பத்திரிகையில் மட்டும் காணும் ஊர், வேலை முடிந்து வந்த என் அப்பாவின் சப்பாத்து படிக்கட்டில் காயும் ஊர், என்னை எங்கேயிருந்து வந்தாய் என்று கேட்டுக்கொண்டே வளர்த்த ஊர் என்று போகும். ஒவ்வொரு பல்லவியும் ஹாகன் என்ற அந்தச் சொல்லில் வந்து விழும், விழுந்த இடத்திலிருந்து ஸ்லைட் எழும்பும். நான் செய்ததில் உருப்படியானது அதுதான்.

ஹம்பேர்க்கிலிருந்து ஒரு இசைக் கம்பனிக்காரன் இதைக் கேட்டுவிட்டு வந்தான். பாட்டு அருமை, ஆனால் ஹாகனுக்குப் பதிலாக யாழ்ப்பாணம் என்று பாடு, உன் முகத்துக்கு அதுதான் பொருந்தும், சனம் உன்னை நம்பவேண்டும் என்றான். மாட்டேன் என்றேன். அவன் போய் பவேரியாப் பெடியன்கள் நாலு பேரோடு ஒப்பந்தம் எழுதினான். அவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு, கண்டேயிராத மிசிசிப்பி ஆற்றைப் பற்றிப் பாடினார்கள். அவர்களை எல்லோரும் நம்பினார்கள்.

இப்படிப்பட்ட நான் எதற்கு ஒன்றியத்தின் ஒன்றுகூடலுக்குச் சம்மதித்தேன் என்றால், அப்பாவுக்காக. அப்பா ஒரு நாளும் என் வாசிப்பைக் கேட்க வந்ததில்லை. ஒரு தரம்கூட இல்லை. ஹாகன் நகர விழாவில் வாசித்தபோதுகூட, வீட்டிலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில், அவர் வரவில்லை. சனமாயிருக்கும் என்றார். அவர் ஒரு முறை முன்னால் இருந்து கேட்கவேண்டும் என்பதுதான் எனக்கு மிஞ்சியிருந்த ஆசை. கம்பனி, இசைத்தட்டு எல்லாவற்றையும் நான் கைகழுவியாகிவிட்டது. இதை மட்டும் விட முடியவில்லை.

அந்த அப்பா மே மாதத்தில் தானாகவே ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, ஒன்றியத்திலை உன்னை வாசிக்கக் கேக்கினம். மகேந்திரராஜா அண்ணை கேட்டவர்."

"நீங்கள் வருவியளோ?"

"நான் அங்கை நிப்பன்தானே. வருசா வருசம் போறனான்." பிறகு சொன்னார். "அந்த ஊர்ப் பாட்டு ஒண்டு வைச்சிருக்கிறாய். அதைப் பாடு."

அப்படி ஒரு பாட்டு இருப்பது அவருக்குத் தெரியும் என்பதே எனக்குப் புதினம். ஓம் என்று உடனே சொல்லிவிட்டேன்.

அப்பா வருசா வருசம் போவது உண்மை. ஆனால் போய் என்ன செய்கிறார் என்பதுதான் எனக்கு விளங்குவதில்லை. சின்ன வயதில் அம்மாவோடு நாங்களும் போயிருக்கிறோம். எல்லோரும் மண்டபத்தில் இருந்து பேச்சும் நடனமும் பார்ப்பார்கள், அப்பா பின்னால் சமையலறையில் சோற்றுக் கிடாரம் கழுவுவார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்த மனுசன், அந்தக் கை சும்மா இருக்காது என்று அம்மா சொல்வாள். அம்மா செத்து ஆறு வருடமாகிறது. அப்பா இன்னும் கிடாரம் கழுவுகிறார்.

நோட்டீஸ் கலவரத்துக்கு அடுத்த நாள் மகேந்திரராஜாவே எனக்கு எடுத்தார். ஒன்றியத்தின் தலைவர். கொலோனில் இரண்டு கடை. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளைக்கு முன்னால் இவருக்குத்தான் மாலை விழும்.

"தம்பி அனுஜன், ஒரு சின்னப் பிழை நடந்து போச்சு."

"சின்னப் பிழை இல்லை அண்ணை. அமெரிக்காவைக் கொண்டுபோய் மாத்தறையிலை வைச்சிருக்கிறியள்."

"ஓம் ஓம், செயலாளருக்குச் சொல்லியாச்சு. திருத்தம் போட்டாலும் சனம் நம்பாது தம்பி. ஒருக்காப் பத்தினது பத்தினதுதான். அதுக்கு நான் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கிறன். உம்மட பாட்டிலை ஒரு ஊர்ப் பேர் வருதாமே?"

"வருது. ஹாகன்."

"அதை எடுத்துப்போட்டு இலந்தைப்புலம் எண்டு பாடும். கதை முடிஞ்சுது. பிறகு ஆர் உம்மைத் தெற்கு எண்டு சொல்லுவான்?"

ஹம்பேர்க்காரன் கோட் போட்டு வந்து கேட்டான், வேட்டி கட்டுகிற இவர் ரெலிபோனில் கேட்கிறார், வேறு வித்தியாசம் இல்லை. எனக்குத் தலைக்கு ஏறியது. ஏலாது அண்ணை, அது ஹாகன் பாட்டு என்றேன்.

"யோசப்புக்கும் அதுதான் விருப்பமாயிருக்கும் தம்பி. அவனிட்டைக் கேட்டுப் பாரும். அவனும் எங்கட ஊரான்தானே."

அவன் என்று சொன்னது எனக்குச் சுள்ளென்றது. அப்பா அவரைவிட இரண்டு வயது மூப்பு. அப்பா அவரை அண்ணை என்கிறார், அவர் அப்பாவை அவன் என்கிறார். பணக்காரத் திமிர் என்று நினைத்துக்கொண்டு ரெலிபோனை வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை அப்பாவிடம் போனேன். ஹாகனின் ஆல்டன்ஹாகன் பகுதியில் நாங்கள் வளர்ந்த அதே வீடு, அதே மூன்றாம் மாடி. அப்பா கோப்பி போட்டுத் தந்தார். மேசையில் ஒன்றுகூடலுக்குப் போட்டுக்கொள்ள ஒரு புதுச் சேட், பெட்டி பிரிக்காமல்.

"அப்பா, பாட்டிலை ஹாகனை எடுத்துப்போட்டு இலந்தைப்புலம் எண்டு பாடச் சொல்லுகினம். என்ன செய்ய?"

அவர் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார். சீனி போடாத கோப்பி, கலக்க ஒன்றுமில்லை.

"உன்ரை விருப்பம்" என்றார்.

இங்கே ஒரு விளக்கம் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில், ஏன், எனக்குத் தெரிந்த அரைவாசி யாழ்ப்பாணத்து வீடுகளில், உன் விருப்பம் என்றால் உன் விருப்பம் என்று அர்த்தம் இல்லை. என் விருப்பம் உனக்குத் தெரியும், அதைச் செய்யாவிட்டால் பார் என்று அர்த்தம். இந்தச் சொல்லின்மேல் நான் ஏற்கனவே ஒரு முறை விழுந்து எழும்பியவன். பத்தொன்பது வயதில், கார் திருத்தும் தொழிற்பயிற்சியைப் பாதியில் விட்டு இசைக்குப் போகிறேன் என்றேன். உன்ரை விருப்பம் என்றார். அதை அப்படியே நம்பிப் போனேன். இரண்டு வருடம் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை அம்மா மூலம்தான் தள்ளுவார். சிவப்பிரியா ஒரு ஜேர்மன் பெடியனைக் கட்டப் போனபோதும் உன்ரை விருப்பம்தான். கலியாணத்துக்குக் காய்ச்சல் என்று படுத்துவிட்டார்.

ஆகவே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று நினைத்தேன். ஊர்ப் பாட்டைப் பாடு என்று அவரே கேட்டதும், புதுச் சேட் வாங்கியதும், எல்லாம் சேர்த்துப் பார்த்தால் விடை ஒன்றுதான் வந்தது. அப்பாவுக்கு ஊர் என்றால் இலந்தைப்புலம். வேறென்ன ஊர் இருக்கும்?

படிக்கட்டில் இறங்கும்போது அவ்வளவு ஆத்திரம் எனக்கு. ஹம்பேர்க்காரன் ஒரு வாழ்க்கையையே தருகிறேன் என்றபோது மாற்றாத சொல்லை, ஒரு கோப்பிக்கு மாற்றப் போகிறேன். ஆனால் முன் வரிசையில் அப்பா இருப்பார். அதை நினைத்து என்னையே சமாதானப்படுத்தினேன்.

சமாதானம் ஒத்திகை வரைக்கும்தான் நின்றது. ஹாகன் இரண்டே அசை. மணிபோல விழும். இலந்தைப்புலம் அப்படி விழுமா? இ-லந்-தைப்-பு-லம். தாளத்துக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டு படுக்கிறது. வேகமாகச் சொன்னால் தும்மல் மாதிரி இருந்தது. மெதுவாகச் சொன்னால் வெரோனிக்காவின் பேஸ் அடுத்த வரிக்குப் போய்விடும். கடைசியில் ஸ்லைட்டை வெட்டி, அந்த இடத்தில் ஊர்ப் பெயரைத் திணித்தேன். பாட்டின் உயிர் இருந்த இடம் அதுதான்.

"கொடிக்காகக் காசை விட்டாய், ஹம்பேர்க்கை விட்டாய்" என்றாள் வெரோனிக்கா. "இப்ப என்ன நடந்தது உனக்கு?"

"அப்பா கேட்கிறார்."

"கேட்டாரா?"

"உன் விருப்பம் என்றார்."

அவள் என்னை ஒரு விசரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஜேர்மன்காரிக்கு இதையெல்லாம் விளங்கப்படுத்த முடியாது என்று நான் விட்டுவிட்டேன்.

கொலோன் மண்டபத்தில் அன்று முன்னூறு பேருக்குக் குறையாது. பைலா அடிக்கிறவனைப் பார்க்கவே பாதிப்பேர் வந்திருந்தார்கள். ட்ரம்ஸ் வேண்டாம், சின்னப் பிள்ளைகள் பயப்படும் என்று கடைசி நேரத்தில் சொன்னார்கள். அதனால் நானும் வெரோனிக்காவும் மட்டும். எங்கள் நேரம் இருபது நிமிடம் என்று பேச்சு. பரதநாட்டியம் நீண்டு, பொன்னாடை நீண்டு, மகேந்திரராஜாவின் உரை எல்லாவற்றையும்விட நீண்டு, எங்களுக்கு ஒரு பாட்டு மிஞ்சியது. அதற்குள்ளும் செயலாளர் வந்து, அமெரிக்காவிலும் ஒரு தெற்கு உண்டு என்று படம் கீறாத குறையாக விளக்கினார்.

அப்பா முன் வரிசையில் இருந்தார். மகேந்திரராஜாவின் மனைவி புஸ்பவதி அக்காவே வந்து, "யோசப்பு, இண்டைக்கு நீ முன்னுக்கு வந்து இரு, மகன் வாசிக்கிறானெல்லோ" என்று கதிரை காட்டினாராம். புதுச் சேட்டில் மடிப்புக்கோடு அப்படியே தெரிந்தது. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு இருப்பவர் மாதிரி நிமிர்ந்து இருந்தார். இதற்குத்தானே காத்துக்கிடந்தேன்.

தொடங்கினேன். முதல் சரணத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். அப்பாவின் கால் தாளம் போட்டது. சரியான இடத்தில், சரியான அழுத்தத்தில். படிக்கட்டில் சப்பாத்துக் காயும் வரி வந்தபோது ஆங்கிலம் தெரியாத மனுசன் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துச் சிரித்தார். பல்லவி நெருங்கியது. அவர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்களை, மகேந்திரராஜாவை, புஸ்பவதி அக்காவை, ஒருவர் ஒருவராகத் திரும்பிப் பார்த்தார். கேளுங்கோ, இப்ப வரப்போகுது என்று சொல்வதுபோல. அவருடைய வாய் திறந்தது.

நான் இலந்தைப்புலம் என்று பாடினேன்.

மண்டபம் அதிர்ந்தது. விசில், கைதட்டு, கதிரைகள் பின்னால் விழுகிற சத்தம். மகேந்திரராஜா எழும்பி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார். அடுத்த பல்லவிக்கு முன்னூறு பேரும் என்னோடு சேர்ந்து பாடினார்கள். இருபது வருடத்தில் எனக்கு இப்படி ஒரு கைதட்டு கிடைத்ததில்லை. அவர்களில் பலர் அழுததையும் பார்த்தேன். எல்லோரும் எழும்பி நின்றதில் அப்பாவை எனக்குத் தெரியவில்லை.

பாட்டு முடிந்து, பொன்னாடை விழுந்து, ஆட்கள் கட்டிப்பிடித்து, நான் ஒரு மாதிரி கூட்டத்தைவிட்டு வெளியே வந்தபோது அவருடைய கதிரை வெறுமையாக இருந்தது. தேடிக்கொண்டு போனேன். சமையலறையில் நின்றார். புதுச் சேட்டின் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, சோற்றுக் கிடாரத்துக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எப்படி இருந்தது?"

"நல்லாயிருந்தது" என்றார், கிடாரத்துக்குள் இருந்தே. "போவமோ?"

வெரோனிக்கா வயர்களைச் சுருட்டித் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். நானும் அப்பாவும் ஏ-ஒன்று நெடுஞ்சாலையில் வந்தோம். வெயில் இன்னும் இருந்தது. லெவர்குசன் பாலத்தில் வழக்கமான நெரிசல். அப்பா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே வந்தது. சொல்லை மாற்றினேன், ஸ்லைட்டை வெட்டினேன், முன்னூறு பேர் எழும்பி நின்றார்கள், இந்த மனுசனுக்கு மட்டும் நல்லாயிருந்ததோடு சரி.

"உங்களுக்காகத்தான் மாத்தினனான்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"என்னத்தை?"

"ஊர்ப் பேரை. உங்களுக்குச் சந்தோசமாயிருக்கும் எண்டு."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை. விளங்காத பார்வை.

"எனக்கேன் அது சந்தோசம்? நான் உனக்கு உன்ரை விருப்பம் எண்டெல்லோ சொன்னனான். உன்ரை விருப்பம் ஹாகன் எண்டு எனக்குத் தெரியும்தானே. சிவப்பிரியா ஒவ்வொரு வரியா எனக்கு விளங்கப்படுத்தினவள். பஸ்ஸிலை போகேக்கை அதைத்தான் கேக்கிறனான். அம்மான்ரை கல்லறைப் பூக்களுக்குத் தண்ணி விடப் போகேக்கையும் கேக்கிறனான்."

எனக்கு ஸ்டியரிங்கில் தலையை முட்டவேண்டும் போல இருந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு தரம் இந்த மனுசன் சொன்னதையே நினைத்திருக்கிறார், அந்த ஒரு தரம்தான் நான் கெட்டிக்காரன் ஆகியிருக்கிறேன்.

"அப்ப ஏன் ஊர்ப் பாட்டைப் பாடச் சொன்னனீங்கள்?"

"அது ஊர்ப் பாட்டுத்தானே. எங்கட ஊர். நாற்பது வருசம் இருக்கிறன், அம்மா அங்கை கிடக்கிறாள், நீங்கள் ரெண்டு பேரும் அங்கை பிறந்தனீங்கள். ஹாகன் ஊரில்லாமல் வேறென்ன?"

கார்கள் நகரத் தொடங்கின. அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கதைத்தார். அப்பா இவ்வளவு நீளமாகக் கதைத்து நான் கேட்டதில்லை.

"இலந்தைப்புலத்திலை நல்லதண்ணிக் கிணறு ஒண்டுதான். எங்கட ஆக்கள் அதிலை கயிறு பிடிக்கேலாது. குடத்தைக் கீழை வைச்சுப்போட்டு நிக்கவேணும். ஆராவது வந்து அள்ளி ஊத்தினா உண்டு. மகேந்திரராஜா அண்ணையின்ரை தாய் வருவா. நல்ல மனுசி, ஊத்துவா. வராட்டி வெறுங்குடத்தோடை வீட்டை வாறதுதான். நான் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் பிந்தி, பிறகு போகாமலே விட்டனான். அப்ப அவரும் பெடியன். கிணத்துக் கட்டிலை இருந்து பாத்துக்கொண்டிருப்பார்."

"இதை ஏன் எங்களுக்கு ஒரு நாளும் சொல்லேல்லை?"

"சொல்லி?" என்றார். "அதுகளை இஞ்சை ஏன் கொண்டு வாறது எண்டு அம்மாவும் நானும் பேசி வைச்சது."

நான் எத்தனை மேடையிலிருந்து இறங்கியிருப்பேன், யாரோ ஒரு தெற்கின் துணிக்காக. இன்றைக்கு அப்பாவை முன் வரிசையில் இருத்திவைத்து, முகத்துக்கு நேரே, அந்த ஊர்ப் பெயரை முன்னூறு பேரைச் சேர்த்துப் பாட வைத்திருக்கிறேன். வெட்கம் என்பது சின்னச் சொல்.

"அவையளுக்கு முன்னாலை ஒருக்கா ஹாகன் எண்ட பேர் வரவேணும் எண்டு இருந்தனான்" என்றார் அப்பா. "எங்களுக்கும் ஒரு ஊர் இருக்கு, அதிலை ஒருத்தரும் அள்ளி ஊத்தத் தேவையில்லை எண்டு. நான் சொன்னா ஆர் கேக்கிறது? நீ பாடினாக் கேப்பினம் எண்டு நினைச்சன்."

"வீட்டை போனதும் பாடிக் காட்டுறன் அப்பா. கிற்றார் பின்னுக்குத்தான் கிடக்கு."

"எனக்கேன்?" என்றார். "எனக்கு அது மனப்பாடம். அவைக்கெல்லோ தெரியாது."

மன்னிப்புக் கேட்டேன். விடு, விடு என்று கையால் தட்டிவிட்டார். நெடுஞ்சாலையைவிட்டு ஹாகனுக்குத் திரும்பும்போது அவருடைய ரெலிபோன் அடுக்கடுக்காகச் சத்தம் போட்டது. ஒன்றியத்தின் குழுவில் வீடியோவைப் போட்டுவிட்டார்கள். நோர்வேக்காரர் முதல் ஆளாகப் பாராட்டியிருந்தார். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டு, எழுத்துக்கூட்டி, சத்தமாக வாசித்தார்.

"மகேந்திரராஜா அண்ணை போட்டிருக்கிறார். யோசப்பு, உன்ரை மகன் எங்கட ஊரைத் தலைநிமிர வைச்சிட்டான், அடுத்த வருசமும் இதே பாட்டு எண்டு."

சிவப்பு விளக்கில் நின்றோம். அப்பா ஒற்றை விரலால் பதில் எழுதினார். ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி, பிழை விட்டு அழித்து, திரும்ப எழுதினார். பச்சை விழுந்தது, பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான், நான் காரை எடுக்கவில்லை. எட்டிப் பார்த்தேன்.

நன்றி அண்ணை என்று எழுதியிருந்தார்.